புறங்கை

மூன்று நாள் பயிற்சி. எவியாத் தீவின் வடக்கே
ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழ் பதினோரு நாற்காலிகள்.
ஏதென்ஸிலிருந்து வந்த கலிரோய்
பலகையில் எழுதினாள்: பார். கேள். இணை.
நான்காவதாக ஒரு சொல் எழுதிவிட்டு அழித்தாள்.
என்னவென்று யாரும் கேட்கவில்லை.

நான் வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்ப்பவள்.
பக்கத்தில் மருந்துக்கடை ஃபனி, தபால்காரர்,
பூட்ஸைக் கழற்றாமல் வந்த லாம்ப்ரோஸ்,
தன்னார்வத் தீயணைப்புப் படை.

“எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள்.”
எழுதிக்கொண்டேன்.
“உயிராவது பிழைத்ததே என்று சொல்லாதீர்கள்.”
எழுதவில்லை.
அந்த ஆகஸ்ட் தீக்குப் பிறகு
நான் சொல்லிவருவதே அதைத்தான்,
நாளைக்கு ஏழெட்டு வீட்டில்.

பிற்பகல் நடிப்பு.
ஒருவர் உதவுபவர், ஒருவர் பாதிக்கப்பட்டவர்.
லாம்ப்ரோஸுக்கு வந்த அட்டையில்:
‘நீங்கள் ஆடுகளை இழந்தவர். வயது ஐம்பது.’
திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலி.
“எத்தனை ஆடு?”
கலிரோய் தடுமாறினாள். “எத்தனை வேண்டுமானாலும்.”
“எண்ணிக்கை தெரியாதவன்
ஆட்டுக்காரனே இல்லை” என்றான்.

பிறகு யாரும் கேட்காமலே சொன்னான்:
தீ அணைந்த பிறகுதான் எங்கள் வேலை நீளும்.
மேலே சாம்பல் குளிர்ந்திருக்கும்,
அடியில் வேர் வழியே நெருப்பு நடக்கும்,
பத்து நாள் கழித்து
வேறொரு மரத்தடியில் தலைதூக்கும்.
அதனால் மண்டியிட்டு, கையுறை கழற்றி,
சாண் சாணாகப் பார்ப்போம்.
உள்ளங்கையால் அல்ல,
அது காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது.
புறங்கையால். தொடாமல். ஒரு விரல் உயரத்தில்.
ஆறிவிட்டதா என்று
மண்ணிடம்தான் கேட்க வேண்டும்,
வாளியிடம் அல்ல.

மறுநாள் வகுப்பு பத்து மணிக்கு. அதற்குள் ஒரு வீடு.
அர்கிரிஸ். மூவாயிரம் பைன் மரங்களில் பிசின் இறக்கியவர்.
இப்போது அரசாங்கக் கூலிக்கு
அதே மரங்களின் கரிக்கட்டைகளைச்
சரிவுக்குக் குறுக்கே அடுக்குகிறார்,
மழைக்கு மண் ஓடாமலிருக்க.
புதுக் கன்று கீறலுக்குத் தயாராக இருபத்தைந்து வருடம்.
அவருக்கு ஐம்பத்தெட்டு.
இந்தக் கணக்கை அவர் என்னிடம் சொன்னதில்லை.
நான் போட்டுப் பார்க்காமலும் இல்லை.

நூற்று நாற்பது, தொண்ணூறு.
“தூக்கம்?”
“நன்றாக.”
‘நன்று’ என்ற கட்டத்துக்குப் போன பேனா நின்றது.
பயிற்சியில் சொன்னபடி மனத்துக்குள் பத்து எண்ணினேன்.
பத்துக்குப் பிறகு என்னவென்று சொல்லித்தரவில்லை.
இன்னொரு பத்து.

வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த கரிக்லியா
எனக்கா அவருக்கா தெரியாமல் பேசினாள்:
“முப்பது வருடம் சண்டை போட்டேன்,
தலையணை உறையெல்லாம் பிசின் பிசின் என்று.
எந்த சோப்புக்கும் போகாது.
இப்போது பார்.”
கொடியில் வெள்ளை வெளேரென்று நான்கு உறைகள்.
ஒன்றை இழுத்து முகர்ந்தாள்.
இன்னொரு முறை முகர்ந்தாள்.
அர்கிரிஸ் எழுந்துபோய்
கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்,
அது அறுந்துவிடப்போகிறது என்பதுபோல.

“உயிராவது…” என்று என் வாய் தொடங்கிவிட்டது.
இருமலாக மாற்றிக்கொண்டேன்.

வகுப்பு ஆரம்பித்திருக்கும். ஆரம்பிக்கட்டும்.
கைப்பட்டையைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.
கரிக்லியா மூன்று சின்னக் கோப்பைகளில்
காபி கொண்டுவந்து வைத்தாள். கொதித்தது.
யாரும் அதை ஆற்றவில்லை.
தானாக ஆறும்வரை
மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாலையில் கருத்துப் படிவம்.
‘இந்தப் பயிற்சியில் இன்னும் எதைச் சேர்க்கலாம்?’
லாம்ப்ரோஸின் தாளை எட்டிப் பார்த்தேன்:
எண்ணிக்கை.
நான் எழுதியது:
பத்துக்குப் பிறகு.